ஒருவர் பின்வாங்கினார், பள்ளிக்கே கதவடைப்பு: ஏர்லி டிசிஷனும் வாபஸ் மின்னஞ்சல்களும்

கொலராடோ மாநிலம் டென்வரில் ஒரு தனியார் பள்ளி. அங்கே படித்த மாணவர் ஒருவர் நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் டுலேன் பல்கலைக்கழகத்துக்கு ஏர்லி டிசிஷன் முறையில், அதாவது இடம் கொடுத்தால் கட்டாயம் சேர்வேன் என்று எழுதிக் கொடுத்து, விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. கிடைத்த பிறகு போகவில்லை. அடுத்த சீசனில், 2025 இலையுதிர் பருவத்தில், அந்தப் பள்ளியிலிருந்து யாருமே ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கக் கூடாது என்று டுலேன் ஓராண்டுத் தடை போட்டுவிட்டது. செய்தி பத்திரிகைகளில் வந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே களேபரம். வாக்குத் தவறியவர் ஒருவர், அடி வாங்கியது அவருக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள்; இதென்ன நியாயம் என்பதுதான் எல்லோர் கேள்வியும்.

நியாயமா என்பதற்குப் பிறகு வருகிறேன். பல்கலைக்கழகம் ஏன் மாணவரை விட்டுவிட்டுப் பள்ளியைப் பிடித்தது என்பதை முதலில் பார்க்கலாம். ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்து உண்டு: மாணவர், பெற்றோரில் ஒருவர், கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் பள்ளியின் கவுன்சிலர். மாணவருக்கு அநேகமாகப் பதினேழு வயது. அவர் மீது வழக்குப் போட்டு, வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைக்க எந்தக் கல்லூரியும் நினைக்காது. அப்பா அம்மாவை மறுபடி சந்திக்கும் வாய்ப்பே இல்லை. கவுன்சிலர் அப்படி இல்லை. அவர் அடுத்த ஆண்டும் அதே அட்மிஷன் அலுவலகத்துக்கு இருபது பிள்ளைகளின் பரிந்துரைக் கடிதத்தோடு வந்து நிற்க வேண்டும். கல்லூரிக்கு இருக்கும் ஒரே பிடி அவர்தான். டுலேன் போன்ற இடத்துக்கு இது சின்ன விஷயமும் இல்லை. முதலாண்டு வகுப்பில் பாதிக்கும் மேல் அவர்கள் ஏர்லி டிசிஷனில்தான் நிரப்புகிறார்கள்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. ஏர்லி டிசிஷன் என்றால் ஒரே ஒரு கல்லூரிக்கு, "இடம் கொடுத்தால் வந்துவிடுவேன்" என்று எழுதிக் கொடுத்து விண்ணப்பிப்பது. பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள், டிசம்பர் நடுவில் முடிவு. கொலம்பியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத், பென், டியூக், நார்த்வெஸ்டர்ன் எல்லாம் இந்த வகை. வாண்டர்பில்ட், எமரி, என்.ஒய்.யு. மாதிரி சில இடங்கள் ஜனவரியில் இரண்டாம் சுற்றும் வைத்திருக்கின்றன. அதன் முடிவு பிப்ரவரியில். ஏர்லி ஆக்‌ஷன் என்பது வேறு. அங்கே முடிவு சீக்கிரம் வரும், கட்டுப்பாடு கிடையாது, மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபர்டு நான்கும் இரண்டுக்கும் நடுவில்: வேறு தனியார் கல்லூரிகளுக்கு ஏர்லியில் போடாதே என்பார்கள், ஆனால் இடம் கிடைத்தால் வந்தே ஆக வேண்டும் என்று கேட்பதில்லை. இந்த வித்தியாசம் புரியாமல், கட்டுப்பாடு இல்லாத இடத்தில் இடம் கிடைத்ததற்கே மற்ற எல்லாவற்றையும் அவசரப்பட்டு வாபஸ் வாங்கியவர்களும் உண்டு.

இப்போது அந்த ஒப்பந்தத்துக்கு வருவோம். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில், கையெழுத்துப் போடும் இடத்தில் நான்கைந்து வரிதான். நிறைய பேர் படிக்காமல் பெயரைத் தட்டச்சிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அதன் சாரம் இது. இடம் கிடைத்தால் மற்ற கல்லூரிகளுக்குப் போட்ட விண்ணப்பங்களைத் தாமதமின்றி வாபஸ் வாங்க வேண்டும். எந்த நாட்டிலும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது. நிதியுதவி கேட்டிருந்தால், அந்தக் கல்லூரியிலிருந்து உதவி பற்றிய தகவல் வரும்வரை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. இடம் கொடுக்கும் கல்லூரி மாணவரின் பெயரையும் இந்த ஒப்பந்தத்தையும் மற்ற கல்லூரிகளோடு பகிரலாம்.

"எந்த நாட்டிலும்" என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. நியூஜெர்சியில் இருந்துகொண்டு கனடாவின் வாட்டர்லூவுக்கும் டொராண்டோவுக்கும் போட்டிருப்பார்கள். சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளை இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஐந்து இடம், சிங்கப்பூருக்கு ஒன்று என்று தயாராக இருக்கும். அமெரிக்க விண்ணப்பத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பார்கள். ஒப்பந்தத்தின்படி சம்பந்தம் உண்டு.

இந்தியாவில் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கு ஜோசா கலந்தாய்வு நடக்கிறது. ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு நேரத்தில் ஒரு மாணவர் பெயரில் ஓர் இடம்தான் இருக்கும். மேலே நகர்ந்தால் பழைய இடத்தைக் கணினியே எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் அப்படி ஒரு மையக் கணினி கிடையாது. காமன் ஆப் வெறும் தபால்காரர் மாதிரி. விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு அதன் வேலை முடிந்தது. அங்கே போய் "வாபஸ்" என்று ஒரு பொத்தானைத் தேடினால் கிடைக்காது. பன்னிரண்டு கல்லூரிக்குப் போட்டிருந்தால் பன்னிரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஏர்லி டிசிஷன் என்ற வாக்கு செயலாக மாறுவது இந்த ஒரு வேலையில்தான். கையெழுத்துப் போடும்போது மாணவர் எதையும் இழப்பதில்லை. வாபஸ் அனுப்பும்போதுதான் இழக்கிறார்.

எப்படி அனுப்புவது? கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல இடங்களில் விண்ணப்பதாரர் போர்ட்டலுக்குள்ளேயே வாபஸ் படிவம் இருக்கும். காரணம் கேட்கும் கட்டத்தில் "வேறு கல்லூரியில் ஏர்லி டிசிஷனில் சேர்க்கை" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. படிவம் இல்லாத இடத்தில் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல். விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து, மாணவரே எழுத வேண்டும். அப்பா எழுதினால் சில அலுவலகங்கள் ஏற்பதில்லை, ஏற்காமல் இருப்பதும் சரிதான். முழுப்பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், பள்ளியின் பெயர். பிறகு மூன்றே வரி: எனக்கு இன்ன இடத்தில் ஏர்லி டிசிஷனில் சேர்க்கை கிடைத்திருக்கிறது, என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பரிசீலித்ததற்கு நன்றி. சேரப்போகும் கல்லூரியின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை; சொன்னால் குற்றமும் இல்லை. வருத்தப்பட்டு இரண்டு பக்கம் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவையில்லை, விலகுவதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் வந்ததும் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, இந்தப் போர்ட்டல்கள் பலவும் ஒரே மென்பொருளில் செய்தவை, முகப்பில் நிறமும் சின்னமும்தான் மாறும். பத்து தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நள்ளிரவில், சந்தோஷ மயக்கத்தில் கிளிக் செய்துகொண்டே போனால், சேர வேண்டிய கல்லூரியையே வாபஸ் வாங்கிவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. அதைத் திருப்பி வாங்குவது லேசான காரியம் இல்லை. முதலில் சேரும் கல்லூரியில் சம்மதத்தைப் பதிவு செய்து, டெபாசிட் கட்டி, அந்தத் தாவலை மூடிவிட்டு மற்றதைத் திறப்பது நல்லது. இரண்டாவது, ஏர்லி ஆக்‌ஷனில் ஏற்கெனவே இடம் கொடுத்த கல்லூரிகள். அங்கே விண்ணப்பம் முடிந்த கதை. அதை வாபஸ் வாங்க முடியாது, கொடுத்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். போர்ட்டலில் இரண்டும் வேறு வேறு பக்கம்.

கவுன்சிலருக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் அரையாண்டு மதிப்பெண் அறிக்கையை எல்லாக் கல்லூரிக்கும் அவர்தான் அனுப்புகிறார். வாபஸ் வாங்கியது தெரியாமல் பள்ளி மதிப்பெண் அனுப்பிக்கொண்டே இருந்தால் விண்ணப்பம் உயிரோடு இருப்பதாகத்தான் அந்தப் பக்கம் தெரியும்.

வேலை என்னவோ ஒரு மாலை நேரத்து வேலைதான். ஆனால் நம் வீடுகளில் இது ஜனவரி வரை இழுக்கும். காரணம் சோம்பல் கிடையாது. "கார்னெல் கெடச்சிருச்சு, சந்தோஷம். பர்டூ ரிசல்ட்டும் மிச்சிகன் ரிசல்ட்டும் ஜனவரியில வருதுல்ல? சும்மா பார்க்கலாமே, எங்கெல்லாம் கெடைக்குதுன்னு தெரிஞ்சுக்கலாமே" என்று கேட்டார் ஒரு தகப்பனார். கேட்டதில் கபடம் எதுவும் இல்லை. நாலு வருடம் மகள் தூங்காமல் படித்ததைப் பார்த்தவர். பத்து இடத்தில் கட்டணம் கட்டியிருக்கிறார், ஒவ்வொன்றும் எழுபத்தைந்து, எண்பது டாலர். பலன் தெரியாமல் கதவைச் சாத்துவதா என்ற ஆதங்கம். மகள்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்பா, என் ஃபிரெண்டு மிச்சிகனுக்குத்தான் வெயிட் பண்றா" என்றாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு இத்தனை இடம் என்று எந்தப் பெரிய கல்லூரியும் வெளிப்படையாக ஒதுக்குவதில்லை. ஆகவே இவள் விலகினால் தோழிக்கு அந்த இடம் கிடைத்துவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு பகுதிக்கு ஓர் அதிகாரி என்ற முறையில் படிப்பார்கள். ஒரே பள்ளியின் கோப்புகள் பெரும்பாலும் ஒரே ஆளின் மேஜைக்குத்தான் போகின்றன. வரவே போகாத ஒரு பிள்ளையின் பெயர் அந்தக் கட்டில் இருப்பது யாருக்கும் நல்லதில்லை. கல்லூரிகளோ எத்தனை பேருக்கு இடம் கொடுத்தால் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்று கணக்குப் போட்டு வாழ்பவை. வராதவருக்கு ஓர் இடம் கொடுத்தால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை விழுகிறது.

இவ்வளவு கறாராகச் சொன்ன பிறகு, அவசரப்படவே கூடாத ஒரு தரப்பையும் சொல்ல வேண்டும்: நிதியுதவி கேட்டவர்கள். முன்னணித் தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு, தங்குமிடம் சாப்பாடு சேர்த்து, 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஏர்லி டிசிஷனில் விலை தெரியாமலே சம்மதம் சொல்லியாகிவிட்டது. 2011 முதல், மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் தங்கள் தளத்தில் நிகரச் செலவுக் கணிப்பான் வைக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்கிறது. அதில் வருமானத்தையும் சொத்தையும் போட்டால் உத்தேசத் தொகை வரும். சம்பளக்காரக் குடும்பத்துக்கு ஓரளவு சரியாகவே காட்டும். சொந்தத் தொழில், பிரிந்த பெற்றோர், வாடகைக்கு விட்ட வீடு என்று வந்தால் தடுமாறும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளை என்றால் அந்தத் தொகையை நம்பவே கூடாது. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது. நிதியுதவி விஷயத்தில் பல கல்லூரிகள் அவர்களை, பத்து வருடம் டெக்சாஸிலேயே படித்திருந்தாலும், வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் சேர்க்கின்றன. கணிப்பானோ குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவரை மனதில் வைத்துச் செய்தது.

ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்த மகிழ்ச்சியில், ஏர்லி ஆக்‌ஷனில் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து கூப்பிட்ட மாநிலக் கல்லூரியை அன்று ராத்திரியே வேண்டாம் என்று சொன்னால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும். ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. உதவித் தொகைக் கடிதம் எழுத்தில் கைக்கு வரட்டும். அதில் கடன் எவ்வளவு, வளாக வேலை எவ்வளவு, திருப்பிக் கட்ட வேண்டாத தொகை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். போதாது என்றால் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம்: வேலை போனது, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் என்று ஆதாரத்தோடு. அப்போதும் முடியாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டு, அதை எழுத்தில் வாங்கி, கவுன்சிலரிடம் கொடுத்துவிட வேண்டும். இது ஒப்பந்தத்தை முறிப்பதாகாது, ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும் வழி. உதவியே கேட்காமல், முழுப் பணமும் கட்டுகிறோம் என்று விண்ணப்பித்தவர்கள் மட்டும் இந்த வாசலில் நுழைய முடியாது. விண்ணப்பத்தில் "நிதியுதவி வேண்டுமா" என்ற கேள்விக்கு, வேண்டாம் என்றால் சேர்க்கை எளிது என்ற வதந்தியை நம்பி வேண்டாம் என்று போட்டவர்கள் பிறகு கையைப் பிசைவது இதனால்தான்.

வாபஸ் வாங்காமல் கமுக்கமாக இருந்தால் தெரியவா போகிறது என்ற கேள்வியும் வரும். தெரிய வந்த காலம் ஒன்று இருந்தது. ஏர்லி டிசிஷனில் சேர்த்தவர்களின் பட்டியலைச் சில கல்லூரிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டன. 2018 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறையின் வர்த்தகப் போட்டிப் பிரிவு, வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், வெஸ்லியன், மிடில்பரி உட்படப் பல கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியது: இப்படிப் பெயர்களைப் பகிர்ந்துகொள்வது பற்றிய மின்னஞ்சல்களை, ஆவணங்களை அழிக்காமல் வைத்திருங்கள் என்று. ஒரு மாணவரை ஒருவர் எடுத்தால் மற்றவர் தொடக் கூடாது என்று போட்டியாளர்கள் பேசி வைத்துக்கொள்வது வர்த்தகச் சட்டத்தில் வேறு மாதிரி படும் என்பது அதன் பின்னணி. அதே காலகட்டத்தில் கல்லூரி அட்மிஷன் கவுன்சிலர்களின் தேசியச் சங்கமான நாக்காக்கின் நெறிமுறைகளும் விசாரணைக்கு வந்தன. 2019 செப்டம்பரில் கென்டக்கியின் லூயிவில்லில் கூடிய சங்கம் சில விதிகளைத் தானே நீக்கியது. அவற்றில் ஒன்று, ஏர்லி டிசிஷனில் வருகிறவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை காட்டிக் கல்லூரிகள் இழுக்கக் கூடாது என்ற தடை. நீக்கிய பிறகு, சீக்கிரம் சம்மதித்தால் நல்ல விடுதி அறை, கூடுதல் ஸ்காலர்ஷிப் என்று கல்லூரிகள் ஆசை காட்டுவதைத் தடுக்க அந்தச் சங்கத்தின் விதி இல்லாமல் போனது.

2025 ஆகஸ்டில் இன்னொரு அடி. மாசசூசெட்ஸ் மத்திய நீதிமன்றத்தில் 32 கல்லூரிகள் மீதும் காமன் ஆப் மீதும் வர்த்தகப் போட்டிச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு. வழக்குத் தொடுத்தவர்களின் வாதம் இது: ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்துக்குச் சட்டபூர்வமான கட்டுப்பாடே இல்லை. கல்லூரிகள் ஒருவருக்கொருவர் மாணவரைத் தொடாமல் விட்டுக்கொடுப்பதால்தான் அது கட்டுப்படுத்துகிறது. அதனால் கட்டணமும் ஏறுகிறது. டுலேன் செய்தி வந்தது இந்த வழக்கு பதிவான சில மாதங்களில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது: நீதிமன்றத்தில் நிற்குமா என்று தெரியாத ஒரு வாக்கை, பள்ளியின் கழுத்தில் கைவைத்துக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

நியாயமா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. ஒப்பந்தத்தில் கவுன்சிலர் கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் அவர் போடும் கையெழுத்து, விதிகளை மாணவருக்கு விளக்கிச் சொன்னேன் என்பதற்குத்தான். அந்தக் குடும்பத்தின் மனம் மாறாது என்பதற்கு அவர் ஜாமீன் நிற்க முடியாது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தடை வந்த பள்ளியோ வசதியான தனியார் பள்ளி, பேசிச் சமாளித்துக்கொள்ளும். ஒரே கவுன்சிலர் நானூறு பிள்ளைகளைக் கவனிக்கும் அரசுப் பள்ளிக்கு இது வந்திருந்தால் பத்திரிகைச் செய்தியாகக்கூட ஆகியிருக்காது. அதற்காக, பின்வாங்கிய மாணவர் பக்கம் நிற்கவும் எனக்கு மனம் இல்லை. காரணம் பணம் என்றால் வழி இருக்கிறது. வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்பதுதான் காரணம் என்றால், அந்த இடம் கிடைத்ததே வாபஸ் வாங்க வேண்டிய விண்ணப்பம் ஒன்றை வாங்காமல் விட்டதால்தான்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் மாட்டுகிறவர்கள் அதிகம். டிசம்பர் 15 வாக்கில் சேர்க்கை வருகிறது. வரி ஆவணம் ஒன்று குறைகிறது என்பதால் உதவித் தொகைக் கடிதம் வரவில்லை. ஜனவரி 1 முதல் 5-க்குள் மற்ற கல்லூரிகளின் கடைசி நாள். ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கலாம் என்கிறது ஒப்பந்தம். புதிதாக அனுப்பலாம் என்று சொல்லவில்லை. உதவி தேவைப்படும் குடும்பம் என்றால் இரண்டு மூன்று மாநிலக் கல்லூரிகளுக்காவது நவம்பரிலேயே விண்ணப்பித்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஆவணங்களையும் முடிவு வரும் முன்பே காலேஜ் போர்டின் ஐடாக் தளத்தில் ஏற்றிவிடுங்கள். அப்படியும் கடிதம் தாமதமானால், என்ன குறைகிறது, எப்போது வரும், அதுவரை மற்ற விண்ணப்பங்களை என்ன செய்வது என்று நிதியுதவி அலுவலகத்துக்கும் அட்மிஷன் அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கவுன்சிலருக்கும் நகல். டிசம்பர் 20-க்கு முன்பே போடுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பெரும்பாலான கல்லூரி அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது.